அம்பாசிடரின் அசல் பட்டைகள்

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை காலை என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. எங்கள் வண்டியின் பதிவெண்ணைச் சொல்லி, உரிமை மாற்றத்துக்கான விண்ணப்பம் பெறப்பட்டது என்றது. அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். போக்குவரத்து அலுவலகத்தின் பதிவில் வண்டி என் தம்பியின் பெயரில் இருந்தது, தொலைபேசி எண் மட்டும் என்னுடையது. பதிவைப் புதுப்பிக்க வரிசையில் நின்றவன் நான் என்பதால் என் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால்தான் எனக்குத் தெரிந்தது. இல்லையென்றால் அடுத்த ஞாயிறு திருவொற்றியூருக்குப் போய் ஷெட்டின் தகரக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்திருக்கும்.

வண்டி என்று நான் சொல்வது அறுபதுகளின் நடுவில் செய்யப்பட்ட ஓர் அம்பாசிடர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. அவர் இறந்த பிறகு பிரித்துக்கொள்ள இரண்டே சொத்துகள் இருந்தன, திருவொற்றியூர் வீடும் இந்த வண்டியும். கடைசிவரை அப்பாவுடன் இருந்தவன் தம்பி. வீடு அவனுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்டியை மட்டும் கேட்டேன். தம்பி அப்போதே சிரித்தான்.

"வூட்ட வுட்டுட்டு தகரத்த கேக்கற மொத ஆளு நீதாண்ணா."

நான் பெரம்பூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். கீழே இருசக்கர வண்டிக்கே இடம் பிடிக்கச் சண்டை போட வேண்டும். எனவே வண்டி தம்பி வீட்டு ஷெட்டிலேயே நின்றது. முகவரிச் சான்று அங்கே இருந்ததால் பதிவும் அவன் பெயருக்கு மாறியது. நான் சரிசெய்து முடிக்கும்வரை அங்கே நிற்கலாம், யாருக்கும் விற்பதில்லை என்று பேசிக்கொண்டோம். பேசியது கூடத்தில் உட்கார்ந்து, அண்ணனும் தம்பியும் மட்டும். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கும் வழக்கமுள்ள நான் அதை மட்டும் எழுதி வாங்கவில்லை. தம்பியிடம் எழுதி வாங்குவது அசிங்கம் என்று நினைத்தேன்.

அந்த வண்டியில் வெளிப்புற அலங்காரம் எதுவுமே அசலாக இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பானட்டின் நடுவே நீளமாக ஓடும் குரோம் பட்டை, முன்பக்கக் கிரில், கண்ணாடியைச் சுற்றி வரும் பீடிங், சக்கரத்தின் நடுவை மூடும் வீல் கப் எல்லாம் போயிருந்தன. அவற்றின் இடத்தில் ஷேர் ஆட்டோக்களுக்கு ஒட்டுகிற அலுமினியத் தகடுகள் இருந்தன. கேட்டேன்.

"அத்தெல்லாம் துரு புட்ச்சி கெடந்துச்சிண்ணா. காயலான் கடக்காரன் வந்தான், எட்த்துகினு போய்ட்டான். ஷெட்டு பூரா கலீஜா கீதுன்னு எம் பொண்டாட்டிதான் சொன்னா."

காயலான் கடைக்குப் போனது திரும்பி வராது. புதிதாகத் தேட வேண்டும்.

புதுப்பேட்டையில் எது கேட்டாலும் கிடைக்கும், அசல் என்ற சொல்லோடு சேர்ந்தே கிடைக்கும். ஒரு கடையில் பானட் பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கையில் எடுத்தவுடன் எடை குறைவு. பின்புறத்தில் ஆலை முத்திரை இல்லை. ஒரிஜினலா என்று கேட்டேன்.

"ஒரிஜினல்தான் சார். எங்க பட்டறயிலேயே அடிச்சது. வேற யார்கிட்டயும் கெடைக்காது."

அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது உண்மைதான். நான் வாங்காமல் வந்தேன். தம்பியிடம் சொன்னபோது, ஒட்டிவிட்டால் யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்றான். நான் பார்ப்பேன் என்றேன். எங்கள் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவுதான் என்று அன்று தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் விசாரித்துக்கொண்டு போனேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை அது. அங்கே பஞ்சர் ஒட்டுகிற ஒருவர்தான் சொன்னார்.

"காத்திவாக்கம் பக்கம் கழிமுகத்தாண்ட ஒரு அம்பாசிடர் கீது சார். கோழிதான் ஓட்டிகினு கீது."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. வீடுகளுக்குப் பின்னால், உப்பங்கழியைப் பார்த்தபடி, சக்கரங்கள் இல்லாத ஓர் அம்பாசிடர் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. கூரைமேல் வலை காய்ந்தது. உள்ளே பின் இருக்கையில் வலைக்கட்டுகள், டிக்கியில் கோழிகள். உடல் முழுவதும் நீலம். பம்பர், கிரில், பானட் பட்டை, விளக்கின் வளையம் வரை எல்லாவற்றின்மேலும் அதே நீலம்.

அது அந்த வீட்டுக்காரரின் அண்ணன் துறைமுகத்தில் டாக்சி ஓட்டிய வண்டி. அந்த அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. வீட்டுக்காரர் கழியில் இறால் பிடிக்கிறவர். என் வயதுதான் இருக்கும். நான் பானட்டைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு வெளியே வந்தார்.

"இன்னா நைனா, சவாரிக்கா?"

பட்டை வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். பிறகு வண்டிக்கு ஏன் படகுச் சாயம் என்று நான் கேட்டேன். ஆண்டுக்கொரு முறை படகுக்குப் பூசுவார்களாம். திறந்த டப்பாவை அந்தக் காற்றில் மூடி வைத்தாலும் மேலே ஏடு கட்டிவிடும், அடுத்த ஆண்டுக்கு உதவாது. அதனால் மிச்சத்தை அன்றைக்கே கண்ணில் படுவதற்கெல்லாம் பூசித் தீர்த்துவிடுவது வழக்கம். கதவு, தண்ணீர் டிரம், கோழிக்கூடு, இந்த வண்டி. பானட் பட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் வேறொரு நீலம். எல்லாவற்றுக்கும் அடியில் குரோம், ஒரு புள்ளித் துரு இல்லாமல். எண்ணூர்க் காற்றில் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து எந்தக் குரோமையும் சில ஆண்டுகளில் தின்றுவிடும். இங்கே மிச்சச் சாயம் காப்பாற்றியிருந்தது.

கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் அன்றைக்கு இல்லை.

"டிக்கியில கோழி அடயில கீது. நீ ஸ்க்ரூவ திருப்பினா வண்டி ஆடும், எய்ந்து ஓடிப்பூடும், முட்ட அத்தினியும் கூமுட்ட ஆய்டும். குஞ்சு பொரிக்கட்டும். அப்பால வா."

"எப்போது பொரிக்கும்?"

"அத கோழியதான் கேக்கணும். நான் வேணா கேட்டு வெக்கிறேன்."

காத்திருந்தேன். மறுபடி போனபோது தாய்க்கோழி குஞ்சுகளோடு வண்டிக்கு அடியில் மேய்ந்துகொண்டிருந்தது. திருகாணிகள் இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுத் திருப்ப வேண்டியிருந்தது. அவர் இன்னொரு நிபந்தனையும் வைத்தார். பட்டையைக் கழற்றினால் ஓட்டை விழும், மழைத் தண்ணீர் இறங்கும், உள்ளே வலை இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையையும் பட்டி வைத்து அடைத்த பிறகே போக விட்டார். அடைத்த இடங்களின்மேல் தானே நீலம் பூசினார். என் நாட்குறிப்பில் அந்த நாள் இருக்கிறது: 2022 ஜூலை 9, சனி. பானட் பட்டை, கிரில், பீடிங். முத்திரை உண்டு.

சாயத்தை எடுக்க மழைக்காலம் முழுவதும் ஆனது. பிளேடு வைத்தால் கீறும். தின்னரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, இளகிய பிறகு மூங்கில் சிம்பால் தள்ளினேன். பெரம்பூர் வீட்டின் பின் வராந்தாவில் அந்த வாடைக்கு அக்கம்பக்கத்தில் புகார் வந்தது. பானட் பட்டையும் பீடிங்கும் அப்படியே வந்துவிட்டன. கிரிலில் மட்டும் சில இடங்களில் குழி விழுந்திருந்தது. அதை ராயபுரத்தில் ஒரு சந்தில் முலாம் பூசுகிறவரிடம் கொண்டுபோனேன். பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கிய இரண்டு ஜோடி பழைய வீல் கப்களையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமு, முன்கூட்டியே சொல்டு. புது மினுக்கா, பழய மினுக்கா?"

பழையது என்றேன். ஓரங்களை உருண்டையாகத் தேய்க்கக் கூடாது, விளிம்பு கூர்மையாகவே இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அப்டி பண்ணா, நான் ஒய்ங்கா பாலிஷே போடலன்னு நெனப்பாங்க. என் பேரு கெட்டுரும்."

"யாராவது கேட்டால் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள்."

"யாரு கேக்கப்போறா. நீ ஒருத்தன்தான் கேக்கற."

தொட்டியில் இறக்கும்போது செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். கம்பி பட்ட இடத்தில் முலாம் ஏறாது. எந்த இடத்தில் கட்டலாம் என்று கேட்டார். பின்புறத்தில் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தேன். அதை மட்டும் அவர் மதித்தார். கிரில் வந்தபோது அதன் விளிம்புகள் விரலை உறுத்தின. நான் கேட்டது அதுதான்.

இந்த இடத்தில்தான் ஒரு காரியம் செய்தேன். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து அதில் போட்டேன். எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில், எத்தனை அடுக்குச் சாயத்துக்கு அடியில், முத்திரை எந்த இடத்தில், முலாம் பூசியது எது, பூசாதது எது என்று ஒவ்வொன்றின்கீழும் எழுதினேன். அசலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக விளக்கினேன். பலர் பாராட்டினார்கள். முன்பின் தெரியாதவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். நான் எழுதியதை யாராவது வரிவரியாகப் படித்தார்கள் என்றால் அது அந்தக் குழுவில்தான். தம்பிக்கும் காட்டினேன்.

"தகரத்துக்கு ஜாதகம் எய்திகினு கீறியா," என்றான்.

2023 நவம்பரில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தேன். கிளிப்புகள்கூடப் பழையவை. ஷெட்டின் அரை இருட்டில் வண்டியின் முகம் முழுமையாக இருந்தது. தம்பி கதவில் சாய்ந்து நின்று பார்த்தான். "பரவால்லண்ணா" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வண்டியைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல சொல்.

டிசம்பர் முதல் வாரத்தில் புயல் வந்தது. வடசென்னையில் அந்த வெள்ளம் வெறும் தண்ணீர் அல்ல. கறுப்பாக, எண்ணெய் கலந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்பதற்கு அன்று ஆளுக்கொரு பதில் இருந்தது, நான் அதற்குள் போகவில்லை. ஷெட்டுக்குள் வீல் கப் உயரத்துக்கு ஏறி வடிந்தது. தரைத்தகட்டின் இடுக்குகளில் எண்ணெய் புகுந்துகொண்டது. நான் வாரக்கணக்கில் துடைத்தேன். குரோமில் எதுவும் நிற்கவில்லை, துடைத்தால் போய்விட்டது. தரைத்தகடு அப்படி இல்லை.

காத்திவாக்கத்துக்கும் போனேன். நீல வண்டி கதவுப் பாதிவரை கறுப்பாக இருந்தது. உள்ளே இருந்த வலைகளை வெளியே குவித்துப் போட்டிருந்தார். அவற்றை இனி எதற்கும் பயன்படுத்த முடியாது. கழியில் இறங்கவே முடியவில்லை என்றார்.

"உன் பட்ட தப்ச்சிக்கிச்சி நைனா. நல்ல நேரத்துல எட்த்துகினு போய்ட்ட."

குத்திக்காட்டிச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கோழிகளைக் கேட்டேன். கையை விரித்தார். அதற்குமேல் நிற்க எனக்கு முகமில்லை.

தம்பி வீட்டில் புகார் அதிகமானது. ஷெட்டிலிருந்து எண்ணெய் வாடை வீட்டுக்குள் வருகிறது, ஒரே பேஜாரா கீது என்றான். கோடைக்குள் தரைத்தகட்டை மாற்றுகிறேன் என்றேன். சரி என்றுதான் தலையாட்டினான். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு உறவில் ஒரு காதுகுத்துக்காக நான் போகவில்லை. அடுத்து வந்தது அந்தக் குறுஞ்செய்தி.

அன்றே போனேன். ஷெட்டில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் வண்டியின் அளவில் இருந்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டி எங்கே?"

"வித்துட்டேண்ணா. உக்காரு."

"யாரைக் கேட்டு விற்றாய்?"

"யார கேக்கணும்? பேரு என் பேர்ல கீது."

"இதே கூடத்தில் பேசினோம்."

"பேசினோம். ரெடி பண்ணி எட்த்துகினு போன்னுதான சொன்னேன்? எட்த்துகினு போனியா? வாரா வாரம் வந்த, தொடச்ச, காபி குட்ச்ச, போய்ட்ட. ஒரு நாளு ஸ்டார்ட் பண்ணியா? இன்ஜின் செத்துகெடக்கு, நீ மூக்குக்கு நக போட்டுகினு கீற."

இன்ஜின் ஓடவில்லை என்பது உண்மை. வெளிப்புறத்தை முடித்துவிட்டு அதற்குப் போகலாம் என்று வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"அந்த ஆளு இன்னா கேட்டாரு தெரியுமா? இன்ஜின கேக்கல. பாடிய கேக்கல. போன தொறந்து உன் போட்டோவ காமிச்சாரு. இந்தப் பட்ட இருக்கா, இந்தக் கிரிலு இருக்கான்னு ஒவ்வொண்ணா பாத்தாரு. நீ எய்தினதத்தான் பட்ச்சி பட்ச்சி பாத்தாரு. என்ன கேட்டா நான் இன்னா சொல்வேன்? ஜாதகம் எய்தினவன் நீ."

நான் எழுந்து வந்துவிட்டேன். விற்றதில் எனக்கொரு பங்கு தருவதாகப் பின்னால் சொல்லி அனுப்பினான். நான் பதில் அனுப்பவில்லை. அந்த வீட்டுக்கு அதன் பிறகு போகவும் இல்லை.

வாங்கியவரின் எண் அந்த வாட்ஸாப் குழுவிலேயே இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு. கூப்பிட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"சார், நீங்களா? உங்க போஸ்ட் எல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சிருக்கேன். இந்த அளவுக்கு யாரும் எழுத மாட்டாங்க. பார்த்தவுடனே முடிவு பண்ணிட்டேன்."

வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஃப்ளோர் போயிடுச்சு சார், ஆயில் ஏறியிருக்கு. என்கிட்ட ஏற்கெனவே நல்ல பாடி ஒண்ணு இருந்துச்சு. பட்டை, கிரில்னு டிரிம் எதுவும் இல்லாமதான் நின்னுது. உங்களுதை அதுல போட்டாச்சு. அப்படியே பொருந்திடுச்சு."

"அப்படியானால் எங்கள் வண்டி?"

"மாதவரத்துல பழைய வண்டி வெட்டுற ஒரு யார்டுக்குக் குடுத்தாச்சு சார்."

"எங்கள் நம்பர் எந்த வண்டியில்?"

"பேப்பர் எல்லாம் கிளியர் சார்," என்றார். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கடற்கரையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும்போது கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். வெள்ளை நிறத்தில், கயிறு கட்டிய வரிசையில் நின்றது. எங்கள் பதிவெண். எங்கள் பானட் பட்டை, எங்கள் கிரில். ஓரங்கள் கூர்மையாகவே இருந்தன. முன்னால் ஒரு சிறிய அட்டை வைத்திருந்தார்கள். அதில் இருந்த வாசகங்கள் நான் குழுவில் எழுதியவை, ஆங்கிலத்தில் மாற்றியிருந்தார்கள். உப்பங்கழி ஓரத்தில் படகுச் சாயத்துக்கு அடியில் கிடைத்தது என்பதுகூட இருந்தது. அதை எழுதியவனின் பெயர் இல்லை. கோழியைப் பற்றி நான் குழுவில் எழுதவில்லை, அதனால் அட்டையிலும் இல்லை. ஒரு தம்பதி குழந்தையைப் பானட் பக்கம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் மறைக்கிறேன் என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றேன்.

மாதவரத்திலும் விசாரித்தேன். லாரி நிற்கும் இடங்களுக்குப் பின்னால் மூன்று யார்டுகள் ஏறி இறங்கி, ஒன்றில் அம்பாசிடர் உடல் ஒன்றின் பின்பாதியைப் பார்த்தேன். தரைத்தகட்டில் கறுப்பு எண்ணெய் இருந்தது. அந்த ஆண்டு வடசென்னையில் வெள்ளத்தில் நின்ற எந்த வண்டியின் தரையிலும் அது இருக்கும். யார்டுக்காரர் எப்போது வந்தது என்று நினைவில்லை என்றார்.

இதற்கிடையே தம்பி உறவினர் ஒருவர் மூலம் வேறு மாதிரி சொல்லி அனுப்பியிருக்கிறான். வாங்கியவர் தன்னிடம் எங்கள் வண்டியின் உடலையே பழுதுபார்த்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார், கடற்கரையில் நின்றது அதே வண்டிதான், அண்ணனுக்குத்தான் கண் தெரியவில்லை என்று. வாங்கியவர் என்னிடம் சொன்னது அதற்கு நேர்மாறானது. இருவரில் ஒருவர் சொல்வது தவறு.

வெட்டப்பட்டது எந்த உடல் என்பது இந்தக் குறிப்பை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை. உடலின் முன்பாதியில், பானட்டுக்கு அடியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். கடற்கரையில் கயிற்றைத் தாண்டி பானட்டைத் திறக்க என்னை விடவில்லை. மாதவரத்தில் நான் பார்த்த உடலுக்கு முன்பாதி இல்லை.